திடீர்ச் செவிடும் அழுத்தப் பிராணவாயுச் சிகிச்சையும்

உயிர்களை அறிவின் முறையால் வகுத்துரைத்த தொல்காப்பியனார், மரபியலின்கண், தொடுவுணர்ச்சி ஒன்றேயுடைய உயிர் முதலாகத் தொடங்கி, நா, மூக்கு, கண் என ஒவ்வொன்றாய்க் கூட்டிச் சென்று, ஐந்தாவதாகச் செவியை வைத்தார். அதன்பின் ஆறாவதாக மனத்தை வைத்தார். செவிக்கும் மனத்துக்கும் இடையே அவர் வேறொன்றையும் வைக்கவில்லை. திருவள்ளுவரும் கல்வி, கல்லாமை என்னும் அதிகாரங்களை அடுத்துக் கேள்வி எனத் தனியோர் அதிகாரம் அமைத்தார். பவுல் அப்போஸ்தலர் ரோமாபுரிச் சபைக்கு எழுதிய நிருபத்தில் விசுவாசத்துக்கும் கேள்வியையே வாயிலாகக் காட்டினார். ஆதலின் செவியானது ஐம்பொறிகளுள் ஒன்று என்ற அளவில் நில்லாது, அறிவும் அன்பும் பக்தியும் உள்ளே புகும் வாயிலாகவும் உளது.

இத்தகைய செவி, ஒருநாட் காலையில், யாதொரு முன்னறிவிப்பும் இன்றி அடைபட்டுப் போவதுண்டு. வைத்தியர் இதனைத் திடீர்ச் செவிடு என்பர். இந்நோய் யாது, இது வருங்கால் உடனே செய்யத்தக்கது யாது, இதற்கு இக்காலத்து வழங்கப்பெறும் அழுத்தப் பிராணவாயுச் சிகிச்சையின் தன்மையும் தகுதியும் யாவை என்பவற்றை, நம் வேலூர், ஆம்பூர்ப் பகுதி மக்களை மனத்திற்கொண்டு, ஈண்டுச் சிறிது ஆராய்வாம். தமிழ் பயிலும் மாணவனுக்கு வைத்தியத்தில் என்ன வேலை எனச் சிலர் வினவலாம். அதற்கு விடை இக்கட்டுரையிலேயே உளது.

1. தோல் தொழிலும் செவியும்

பாலாற்றுப் படுகையில் வேலூர், இராணிப்பேட்டை, மேல்விஷாரம், பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி என அமைந்த ஊர்கள் தோலினாற் பெயர்பெற்றவை. முன்னாளில் ஆவிரம்பட்டை ஊறிய தொட்டிகளிலே தோல் பதப்பட்டது. அத்தொழிலில் நாற்றம் உண்டு, இரைச்சல் பெரிதில்லை. இந்நாளிலோ பெரிய மரப்பீப்பாய்கள் இடைவிடாது சுழல்கின்றன. தோலினின்று சதையை வழித்தெடுக்கும் யந்திரமும், தோலைச் சீவி ஒரே கனமாக்கும் யந்திரமும் அலறுகின்றன. ஜோடு தைக்கும் கம்பெனிகளில் தையல் யந்திரங்களும் சுத்திகளும் ஓயா. இத்தொழிலால் நீர் கெட்டமை பற்றி 1996-ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு வழங்கியது. அதன்பின் பாலாற்றின் கேட்டைப் பலரும் பேசினர். செவியின் கேட்டைப் பேசுவார் சிலரே.

85 டெசிபெல்லுக்கு மேற்பட்ட இரைச்சலில் நாள்தோறும் எட்டு மணி நேரம் பல்லாண்டு நிற்பவனுடைய செவி மெல்ல மெல்ல மழுங்கும். இது பெரும்பாலும் இரு செவிகளிலும் ஒப்ப நிகழும். முதலிற் கீச்சொலிகள் கேளாவாகும். பின்னர் மக்கள் பேச்சும் தெளிவிழக்கும். இத்தகைய செவிக்கேடு தொழில்நோய் என நம் நாட்டுச் சட்டத்திலும் இடம்பெற்றது. ஆயினும், "யந்திரத்தண்டை நிற்பவனுக்குக் காது மந்தமாவது இயல்புதானே" என்று நம்மவர் அமைந்துவிடுகின்றனர். இவ்வமைதியே வேறொரு பெருந்தீங்குக்கு இடமாகின்றது. மெல்ல வரும் செவிட்டிற்குப் பழகிய ஊரில், திடீரென வரும் செவிட்டையும் அதன் இனமென்றே எண்ணிவிடுகின்றனர்.

என் தாய்மாமன் ஒருவர் ஆம்பூரில் தோல் சீவும் யந்திரத்தில் இருபது ஆண்டு வேலை செய்தவர். கோயிற் பாடகர் குழுவில் தாழ்குரல் பாடுபவர். ஒரு சனிக்கிழமை காலையில் அவர் எழுந்தபொழுது வலச் செவியில் பஞ்சடைத்தது போன்றிருந்தது. உள்ளே ஓயாத ரீங்காரம். எழுந்து நின்றால் சுவர் சுழன்றது. குளிர்காற்றுப் பட்டது என்றார் ஒருவர். குறும்பி அடைத்தது என்றார் ஒருவர். பூண்டு காய்ச்சிய எண்ணெய் விடப்பட்டது. சுற்றல் நான்கு நாளில் நின்றது. அது நின்றமையால் நோயே தீர்ந்துவருகிறது என்று யாவரும் தேறினோம். தலைச்சுற்றல் நீங்கியது செவி மீண்டதற்கு அடையாளமன்று என்பதை அறிந்தார் எங்கள் வீட்டில் ஒருவரும் இலர். இரண்டு மாதம் கழித்து வைத்தியரிடம் சென்றபொழுது அவர் முதலிற் கேட்டது, "என்றைக்கு நின்றது?" என்பதே. நாளைக் கேட்டபின் அவர் சிறிது பேசாதிருந்தார். அந்த மௌனமே யான் இப்பொருளை நாடிப் படித்ததற்குக் காரணம்.

2. செவியின் அமைப்பு

செவி மூன்று கட்டுகளையுடைய வீடு போன்றது. புறச்செவி ஒலியலைகளைச் செவிப்பறையளவும் செலுத்தும். நடுச்செவியில் சுத்தி, பட்டடை, அங்கவடி என்னும் வடிவினவாகிய மூன்று சிற்றெலும்புகள் அவ்வதிர்ச்சியை உட்செவிக்குத் தரும். உட்செவியில் நத்தையோடு போல் ஏறக்குறைய இரண்டரைச் சுற்றாகச் சுருண்ட எலும்புக்குழல் ஒன்றுண்டு. அதனுள் நிறைந்த நீரில் ஏறக்குறைய 15,000 மயிரணுக்கள் வரிசையாக நிற்கின்றன. நீர் அசைய இவை அசைந்து, அவ்வசைவை மின்குறிப்பாக்கி நரம்பின் வழியே மூளைக்கு அனுப்புகின்றன.

இம்மயிரணுக்களைப் பற்றி இரண்டு செய்திகள் நினைவிற்கொள்ளத் தக்கன. ஒன்று, இவை ஒருமுறை அழிந்தால் மனிதர்க்கு மீண்டும் முளையா. கோழி முதலிய பறவைகட்கு அவை மீள முளைக்கும் என்பது 1988-இல் ஆராய்ச்சியாற் புலனாயிற்று. நமக்கு அப்பேறு இல்லை. மற்றொன்று, நத்தைக்குழலின் திசுக்கள் பிராணவாயுவை மிகுதியும் செலவிடுவன. ஆயின் அதனைக் கொணரும் இரத்தமோ மிகச் சிறிய நாடி ஒன்றின் வழியே வருகின்றது. கடைமடை வயலுக்கு ஒரே வாய்க்கால் இருப்பதுபோல என்க. அவ்வாய்க்கால் அடைபடின் அடுத்த வாய்க்காலினின்று நீர் திருப்புதற்கு வழியில்லை.

3. நோயின் இயல்பு

காரணந் தெரியாத திடீர்ச் செவிட்டை 1944-ஆம் ஆண்டில் டி கிளெய்ன் என்னும் டச்சு வைத்தியர் எடுத்தெழுதினார். இக்காலத்தார் அதற்கு ஓர் அளவு வகுத்துள்ளனர்: மூன்று நாட்களுக்குள், அடுத்தடுத்த மூன்று சுருதிகளில், 30 டெசிபெல்லோ அதற்கு மேலோ கேள்வி குறையின் அது திடீர்ச் செவிடு. அமெரிக்க நாட்டுக் கணக்கின்படி ஆண்டொன்றுக்கு இலட்சம் பேரில் 5 முதல் 27 பேர்க்கு இது வருகின்றது. பெரும்பாலும் ஒரு செவியிலேயே வரும். ரீங்காரமும் அடைப்புணர்ச்சியும் உடன்வரும். சிலர்க்குத் தலைச்சுற்றலும் உண்டு. நுண்கிருமி, இரத்தவோட்டத் தடை, உடலின் காப்புச் சக்தி தன்னையே தாக்குதல் முதலிய காரணங்கள் கூறப்படினும், பெரும்பாலோரிடத்து இன்ன காரணம் எனத் துணிந்துரைக்க இயலாது.

இந்நோய் தொழிலாளரை மட்டும் பற்றுவதன்று. இந்தித் திரைப்பாடகி அல்கா யாக்னிக் அம்மையார், விமானத்தினின்று இறங்கி வெளிவந்தபொழுது தமக்கு யாதும் கேளாமற்போயிற்று என்று 2024-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் பொதுமக்கட்குத் தெரிவித்தனர். கிருமியொன்றன் தாக்குதலால் வந்த நரம்புச் செவிடு என அவருக்கு வைத்தியர் உரைத்தனராம். இசையையே வாழ்வாகக் கொண்டார்க்கும் இது நேர்ந்தமை கேட்ட பின்னரே நம்மவருட் பலர் இந்நோயின் பெயரை அறிந்தனர்.

குறும்பியால் வரும் அடைப்பையும் நரம்பால் வரும் செவிட்டையும் வேறுபிரித்தறிய வைத்தியர் இசைக்கவை ஒன்றையே முதலிற் கையாள்வர். 1834-இல் வேபர் என்பாரும் 1855-இல் ரின்னே என்பாரும் எழுதிய முறை அது. அதிரும் கவையை நடுநெற்றியில் ஊன்றினால், குறும்பி முதலியவற்றால் அடைபட்ட செவியிலேயே ஒலி மிகுதியாகத் தோன்றும். நரம்புச் செவிடாயின் நல்ல செவியிலே மிகுதியாகத் தோன்றும். ஒரு நிமிடத்தில் முடியும் சோதனை. பின்னர் ஒலிபுகா அறையில் யந்திரத்தால் கேள்வியை அளந்து உறுதிசெய்வர். வெளியே நின்று நோக்குவார்க்கு இவ்விரு செவிகளும் ஒன்றுபோலவே தோன்றும். வீட்டார் எண்ணெய் விட்டுக் காத்திருத்தல் தீங்காவது இதனாலேயே.

4. முதல் மருந்து

சிலர்க்கு இந்நோய் தானே தீர்வதுண்டு. ஆயின் யார்க்குத் தீரும் என முன்னரே அறிய வழியில்லை. 1980-ஆம் ஆண்டில் வில்சன் முதலிய வைத்தியர் ஓர் ஆராய்ச்சி வெளியிட்டனர். ஸ்டீராய்டு மருந்து உண்டவருள் நூற்றுக்கு 61 பேரும், வெறும் மாத்திரை உண்டவருள் நூற்றுக்கு 32 பேரும் கேள்வி மீளப்பெற்றனர். அன்று முதல் ஸ்டீராய்டே முதல் மருந்தாக வழங்கிவருகின்றது. அதன் பயனைப் பற்றியும் அறிஞரிடையே வாதம் உண்டு. ஆயினும் கொடுப்பதாயின் இரண்டு வாரத்துக்குள் தொடங்க வேண்டும் என்பதே கொள்கை. வாய்வழி மருந்தால் குணம் காணாதார்க்குச் செவிப்பறையின் வழியே நடுச்செவிக்குள் ஊசியால் அம்மருந்தைச் செலுத்துவதும் உண்டு. நீரிழிவு, இரத்தக் கொதிப்பு உடையார் இம்மருந்தை வைத்தியர் கண்காணிப்பிலன்றிக் கொள்ளலாகாது.

5. அழுத்தப் பிராணவாயு

1774-இல் பிராணவாயுவைப் பிரித்தெடுத்துக் காட்டிய ஜோசப் பிரீஸ்ட்லி ஒரு சபைப் போதகர். 1803-இல் வில்லியம் ஹென்றி என்பார், ஒரு திரவத்தில் கரையும் வாயுவின் அளவு அவ்வாயுவின் அழுத்தத்தைப் பொறுத்தது என்னும் விதியை வெளியிட்டார். இவ்விதிக்கு நம் தெருக்கடைக் கோலி சோடாவே சான்று. கோலி அடைத்திருக்கும்வரை வாயு நீரிற் கரைந்து கண்ணுக்குத் தோன்றாது நிற்கும். கோலியை அழுத்தியவுடன் அழுத்தம் நீங்க, நுரையாய்ப் பொங்கி வெளிப்படும்.

நம் இரத்தத்தில் பிராணவாயுவைச் சுமப்பன பெரும்பாலும் செவ்வணுக்களே. அவை சுமையாட்கள் போல்வன. தம் அளவு நிரம்பியபின் மேலும் சுமவா. இரத்தத்தின் நீர்ப்பகுதியிலும் சிறிது வாயு கரையும். ஆயின் சாதாரணக் காற்றைச் சுவாசிக்கும்பொழுது 100 மில்லிலிட்டர் இரத்தத்துக்கு 0.3 மில்லிலிட்டர் அளவே. தூய பிராணவாயுவை மூன்று வளிமண்டல அழுத்தத்திற் சுவாசித்தால் அவ்வளவு ஏறக்குறைய 6 மில்லிலிட்டராக உயரும். இதன் ஆற்றலை ஆம்ஸ்டர்டாம் நகரத்துப் போரேமா என்னும் அறுவை வைத்தியர் 1960-இல் உலகுக்குக் காட்டினார்: செவ்வணுக்கள் ஏறக்குறைய முற்றும் நீக்கப்பெற்ற பன்றிக்குட்டிகள், அழுத்தப் பிராணவாயு நிறைந்த அறையில் உயிர்பிழைத்திருந்தன.

பாலாற்றின் மணலைக் கண்டார்க்கு இஃது எளிதில் விளங்கும். மேலே நீரோட்டம் காணாத கோடையிலும் மணலைத் தோண்டினால் ஊற்று சுரக்கும். மேலோட்டம் நின்றவிடத்தும் கசிவு நின்றபாடில்லை. அதுபோல, சிறுநாடியில் இரத்தவோட்டம் குறைந்தவிடத்தும், நீர்ப்பகுதியிற் கரைந்த பிராணவாயு அக்கம்பக்கத்துத் திசுக்களினூடே கசிந்து, இளைத்துக் கிடக்கும் மயிரணுக்களை அடையக்கூடும். அவை முற்றும் மடிவதற்குமுன் அடைந்தால் பிழைக்கும். இச்சிகிச்சையின் கருத்து இவ்வளவே. 1960-களின் இறுதியில் பிரான்ஸ், ஜெர்மனி நாட்டு வைத்தியர் இதனைச் செவிநோய்க்குக் கையாளத் தொடங்கினர்.

சிகிச்சை நடைபெறும் முறையைக் கூறுவாம். நோயாளியை உறுதியான கூண்டு போன்ற அறையுள் அமர்த்தியோ படுக்கவைத்தோ கதவை அடைத்து, உள்ளே அழுத்தத்தை மெல்ல ஏற்றுவர். செவிநோய்க்குப் பெரும்பாலும் 2 முதல் 2.5 வளிமண்டலம், ஒரு வேளைக்கு ஏறத்தாழ 90 நிமிடம், மொத்தம் 10 முதல் 20 வேளை. கடலில் ஒவ்வொரு 10 மீட்டர் ஆழத்துக்கும் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுமாதலின், 2.5 வளிமண்டலம் என்பது 15 மீட்டர் ஆழத்து அழுத்தமாம். மதுரைக்காஞ்சி முதலிய பழம்பாட்டுக்கள் புகழும் கொற்கை முத்துக்கள், மன்னார் வளைகுடாவில் ஏறக்குறைய அத்தகைய ஆழத்துப் பார்களினின்றே எடுக்கப்பெற்றன. நம் முத்துக்குளிப்போர் மூச்சடக்கி ஒரு நிமிடம் தாங்கிய அழுத்தத்தை, நோயாளி பிராணவாயுவைச் சுவாசித்துக்கொண்டு ஒன்றரை மணி நேரம் தாங்குகிறார். அழுத்தம் ஏறுகையில் அவரும் முத்துக்குளிப்பவரைப் போலவே மூக்கைப் பிடித்து ஊதிச் செவியடைப்பை நீக்கிக்கொள்ள வேண்டும். முக்குளிப்போர் மருத்துவத்துக்கு மும்பையில் நம் கடற்படையின் மருத்துவ நிறுவனம் பெயர்பெற்றது. சென்னை முதலிய பெருநகரங்களிலும் இவ்வறை உடைய மருத்துவமனைகள் உள.

6. பயனும் எல்லையும்

இனி இதன் தகுதியை நடுவுநிலையோடு நோக்குதல் வேண்டும். 2012-இல் காக்ரேன் ஆய்வுக்குழுவினர் ஏழு சோதனைகளை, 392 நோயாளிகளின் செய்தியை, ஒருங்குவைத்து ஆராய்ந்தனர். அண்மையில் செவி நின்றவருள் ஐவர்க்கு இச்சிகிச்சை செய்தால், அதனால் மட்டும் நூற்றுக்கு 25 பங்கு கேள்வி மிகுதியாகப் பெறுபவர் ஒருவர் என்பது அவர்கள் கண்ட கணக்கு. ஆயினும் நூற்றுக்கு 50 பங்கு மீட்சி இதனால் வரும் என்பது நிலைநாட்டப்படவில்லை. சோதனைகள் சிறியன, முறையிலும் குறையுடையன. பெற்ற பயன் நோயாளியின் வாழ்க்கையில் எத்துணை உதவும் என்பதும் தெளிவாகவில்லை என அவர்களே எழுதினர். நாட்பட்ட செவிட்டில் பயனே காணப்படவில்லை.

2011-இல் அமெரிக்கக் கடலடி அழுத்த மருத்துவச் சங்கத்தார் இந்நோயையும் இச்சிகிச்சைக்கு உரியவற்றுள் ஒன்றாகச் சேர்த்தனர். 2019-இல் அந்நாட்டுச் செவி, மூக்கு, தொண்டை வைத்தியர் கழகம் வெளியிட்ட நெறிமுறை, இதனை ஸ்டீராய்டுடன் கூட்டி இரண்டு வாரத்துக்குள் தொடக்கச் சிகிச்சையாகவோ, ஒரு மாதத்துக்குள் மீட்புச் சிகிச்சையாகவோ வழங்கலாம் என்றது. 'வழங்கலாம்' என்னும் சொல்லை இலக்கணம் பயின்றார் கூர்ந்து நோக்குக. கட்டாயம் வழங்குக என்றிலர். ஆகவே இது ஸ்டீராய்டுக்குத் துணையேயன்றி அதற்கு ஈடன்று.

துன்பங்களும் சில உள. நடுச்செவி அழுத்தத்தால் நோதல் அடிக்கடி நிகழ்வது. சிலர்க்குச் சில வாரம் கிட்டப்பார்வை உண்டாகும். அடைத்த அறையை அஞ்சுவாரும் உளர். மிகை அழுத்தத்தில் பிராணவாயுவே வலிப்பைத் தரும் என்பதைப் பிரான்ஸ் நாட்டுப் பால் பேர் 1878-இலேயே காட்டினார். வைத்திய அளவில் இஃது அரிது. மார்புக்கூட்டில் காற்றுக் கசிந்திருக்கும் நோய் தீராதவரை இச்சிகிச்சை கூடவே கூடாது. பிராணவாயு நெருப்பை வளர்ப்பதாகலின் தீப்பெட்டியும் கைப்பேசியும் உள்ளே செல்லலாகா, பருத்தியுடையே உடுத்துவர். இவற்றோடு, பத்து இருபது நாள் பெருநகரில் தங்கும் செலவும், இழக்கும் கூலியும் ஏழைத் தொழிலாளிக்குப் பெருஞ்சுமை. வழியுடையார்க்கு இச்சிகிச்சை நல்ல துணை. அஃது இயலாதார் தமக்கு வழியே அடைபட்டது என மனமுடைதல் வேண்டா. விரைந்து சென்று பெறும் ஸ்டீராய்டு மருந்துக்கு அத்துணைப் பொருள் வேண்டுவதில்லை.

7. முடிவுரை

இதுகாறும் ஆராய்ந்தவற்றால் விளங்குவது யாதெனின், இந்நோயில் அரிய பொருள் யந்திரமன்று, நாளே என்பது. மூன்று நாளில் நேர்ந்ததைக் கண்டு, இரண்டு வாரத்துக்குள் மருந்து தொடங்கி, ஒரு மாதத்துக்குள் மீட்பு முயல வேண்டும். அதன்பின் எத்துணை அழுத்தமும் எத்துணைப் பிராணவாயுவும் பெரும்பயன் தாரா. நம் பகுதியிலோ வைத்தியசாலை தொலைவிலில்லை. ஐடா ஸ்கடர் அம்மையார் 1900-இல் ஒற்றைப் படுக்கையோடு வேலூரில் தொடங்கிய தொண்டு இன்று பெரிய கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியாய் வளர்ந்து நிற்கின்றது. அதன்கண் செவிநோய்க்குத் தனிப் பகுதியும் உண்டு. மருத்துவமனை அருகிருந்தும் நாம் சேய்மையில் நிற்பது அறியாமையாலே.

ஆதலின் நண்பர்காள், நம் வீட்டிலோ தெருவிலோ சபையிலோ ஒருவர், "இன்று காலை முதல் ஒரு காது கேட்கவில்லை" என்பாராயின், எண்ணெய் தேடாது, ஆறுமெனக் காத்திராது, அன்றே செவி வைத்தியரிடம் அனுப்புவோமாக. இசைக்கவை வைத்துப் பார்த்து அது வெறுங் குறும்பியே எனின் இழப்பு அரைநாட் கூலி; அன்றெனின் பெறுவது ஒரு செவி. யந்திரத்தண்டை நிற்பார்க்குச் செவிக்காப்பும் வேண்டுமென்று கேட்போமாக.

என் மாமன் இன்றும் பாடகர் குழுவில் நிற்கிறார். முன்பு வலக்கோடியில் நின்றவர், ஏனையோர் குரல் இடச்செவியில் விழவேண்டி, வரிசையின் மற்றைக் கோடிக்கு மாறவேண்டியதாயிற்று. அப்படி மாறியும் சில ஞாயிறுகளில் சுருதி விலகுகிறது. அப்பொழுது அவர் வாயை மட்டும் அசைத்து நிற்பதை யான் கண்டதுண்டு. நம் ஆண்டவர் தெக்கப்போலி நாட்டில் ஒரு செவிடனைக் குணமாக்கியபொழுது முதலில் அவனை மக்கள் கூட்டத்தினின்று தனியே அழைத்துச் சென்றார் என்று மாற்கு எழுதியுள்ளார். நோயுற்ற ஒருவனைக் கூட்டத்தின் இரைச்சலினின்றும் பலர் கூறும் பக்குவங்களினின்றும் காலத்தே தனியே அழைத்துச் சென்று வைத்தியரிடம் விடுதல் நம்மாலும் ஆவதே. அவ்வளவேனும் செய்யும் அன்பையும் அறிவையும் இறைவன் நமக்கு அருளுவாராக.